என் மகள் பாஸான முகாம்

அன்று பெரம்பலூர்க் கல்யாண மண்டபத்தில் இருந்தவர்கள்: சான்றிதழ் எழுதித் தர வந்த டாக்டர் ஒருவர், முகாம் நடத்திய வியாபாரிகள் சங்கத்தின் தலைவர், அவர் சிரிக்கும்போது கூடச் சிரிக்க இரண்டு துணைத் தலைவர்கள், போட்டோக்காரர், மைக் செட்காரர், பெயர் எழுத ஒரு குமாஸ்தா, பிள்ளைகளோடு பதினோரு குடும்பம். பதினோராவது குடும்பம் நாங்கள்: நான், என் மனைவி, பத்து வயது மகள். இத்தனை பேரில் வந்த வேலையை ஒழுங்காகச் செய்தவர் மைக் செட்காரர் மட்டும்தான்.

நான் அப்போது அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். மகளுக்கு இருப்பது ஆட்டிசம் என்று திருச்சியில் ஒரு டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரயில் சத்தம் கேட்டால் தண்டவாளத்தைப் பார்த்து ஓடிவிடுவாள். அதனால் பகல் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடந்தாள் என் மனைவி. பெரம்பலூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பகல் பள்ளி இருந்தது, வேனும் வரும். ஆனால் ஊனமுற்றோர் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். அதற்காகத்தான் அந்த முகாம்.

நான் எட்டாவதோடு நின்றவன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்டால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். டாக்டர் கேட்கும்போது மகள் வாயைத் திறக்காமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? ‘இதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்’ என்று தள்ளிவிட்டால்? இந்தக் கவலையில் எனக்குத் தூக்கம் போயிற்று. என்ன கேட்பார்கள் என்று யோசித்து மூன்று கேள்வியைப் பிடித்தேன். உன் பேர் என்ன, எத்தனை வயசு, அப்பா என்ன வேலை பாக்குறாரு. ஒரு மாதம் விடாமல் சொல்லிக்கொடுத்தேன்.

“நீங்க எட்டாவது பெயிலானதுக்கு அவள எதுக்குங்க பாசாக்கப் பாக்குறீங்க?” என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

மண்டபத்தில் முதலில் போட்டோதான். சங்கத் தலைவர் என் மகள் கையில் ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தார். நன்றாக ஓடுகிற பிள்ளை. விளக்கு மின்னியது. உடனே ஊன்றுகோலைப் பிடுங்கி அடுத்த பிள்ளை கையில் கொடுத்தார். பதினோரு பிள்ளைக்கும் அதே ஊன்றுகோல்.

பிறகு டாக்டரின் மேசை. அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“உன் பேர் என்னம்மா?”

சொன்னாள்.

“எத்தனை வயசு?”

“பத்து.”

“அப்பா என்ன வேலை பாக்குறாரு?”

“லாரி.”

ஒரு லாரி டிரைவர் படுக்கையில் புரண்டுகொண்டே ஊகித்த மூன்று கேள்விதான். வரிசைகூட மாறவில்லை. அத்தனை வருடம் படித்தவருக்கு நாலாவதாகக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

“நல்லாத்தானே பேசுது. செல்லங்குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க. சாதா ஸ்கூல்லயே சேருங்க.”

சாதா ஸ்கூலில் இரண்டே நாளில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். “சார், கேள்விய மாத்திக் கேட்டுப் பாருங்க. அப்பவும் இதையேதான் சொல்லும்,” என்றேன்.

“டாக்டர் நீயா, நானாய்யா?”

குமாஸ்தா அடுத்த பெயரைக் கூப்பிட்டார். என் மனைவி என்னைத் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

செருப்புப் போடுகிற இடத்தில் லப்பைக்குடிகாட்டு முஸ்லிம் அம்மா ஒருவர் தன் மகனின் சான்றிதழை மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“என்னங்க அத்தா, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்ற மாதிரி காட்டியிருக்கீங்க. இவங்களுக்குப் புள்ள கத்துனாத்தான் கண்ணு தெரியும். அடுத்த தடவ அழ வுட்டுக் கூட்டியாங்க.”

அடுத்த முகாம் ஏழு மாதம் கழித்து, அதே மண்டபத்தில். மனைவி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானும் மகளும் மட்டும் போனோம். அவள் கையில் எப்போதும் ஓர் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். என் லாரியின் உடைந்த இண்டிகேட்டர் கண்ணாடி. அதைத் தூக்கத்தில்கூட விடமாட்டாள். டாக்டருக்கு முன்னால் உட்கார வைத்ததும் விரல் விரலாகப் பிரித்து அதைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அலறினாள். கையைக் கடித்துக்கொண்டு மேசையில் தலையை மோதினாள். டாக்டர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு நிமிடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுபது சதவீதம், மனவளர்ச்சி குன்றியவர்.

“ஆட்டிசம்னு சொன்னாங்க சார்,” என்றேன், இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு.

“பாரத்துல அதுக்கு எடம் கெடையாது. மொதல்ல புள்ளயக் கூட்டிட்டுப் போய்யா.”

வெளியே வந்து ஆரஞ்சுத் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. நெற்றி வீங்கிய இடத்தில் கையை வைத்தபோதும் தட்டிவிட்டாள். ஊன்றுகோல் தலைவரைக் கேவலமாகப் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அங்கே நின்றபடி நினைத்தேன். இருந்தாலும் பேசுவேன். நான் செய்ததை என் பிள்ளைக்காகச் செய்தேன். அவர் போட்டோவுக்காகச் செய்தார்.

அந்தக் காகிதம் வேலை செய்தது. பகல் பள்ளி சேர்த்துக்கொண்டது. வேன் முதல் முறை வந்துபோன அன்று என் மனைவி பாயை விரித்து மாலை வரை தூங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

அந்த இரண்டாவது முகாமில், சான்றிதழ் வாங்கியவர்களுக்கு வாசலில் பஸ் காசு கொடுத்தார்கள். பிள்ளைக்கு உரியதைக் கையில் கொடுத்துவிட்டார் குமாஸ்தா. கூட வந்தவருடைய காசு மணியார்டரில் வரும் என்று சொல்லிக் கையெழுத்தை மட்டும் அப்போதே வாங்கிக்கொண்டார். சங்கத்துக்குப் பிறகு சொந்தக் கட்டடம் வந்தது, குளிரூட்டிய கூட்ட அறை வந்தது. எனக்கு வர வேண்டிய பதினெட்டு ரூபாய் வரவில்லை.