தாத்தாவின் சாவும் அத்தையின் கோழியும்

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விதி ஆயிரம் வருஷமாக எழுத்தில் நிற்கிறது. பக்கத்து ஊர் வசந்த்குமாரின் வம்சத்தில் எழுத்தில் மிஞ்சிய முதல் ஆள் அவன் தாத்தா எல்லப்பன். அதுவும் செத்த பிறகுதான். காலமெல்லாம் பிறர் நிலத்தில் நாற்று நட்டவருக்குப் பட்டா ஏது? ரேஷன் கார்டைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான்.

குடும்பத்தில் முதல் பட்டதாரியான வசந்த்குமார், குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தபோது ஒரு சட்டம் போட்டுக்கொண்டான்: சான்று இல்லாமல் ஒரு வரியும் கிடையாது. முதல் வரியை எழுதி அத்தை அம்முலுவுக்குப் படித்துக் காட்டினான். "எல்லப்பன் இறந்தது 12-6-2011, ஞாயிற்றுக்கிழமை. சான்று: இறப்புச் சான்றிதழ்."

அத்தை முறத்தைக் கீழே வைத்தாள்.

"எவன்டா சொன்னான்? நைனா செத்தது சனிக்கெழம விடிகாலம். அன்னிக்கே தூக்கிட்டாங்க. சனிப்பொணம் தனியா போவாது, தொண தேடும்னு என் முட்டக் கோழிய இல்ல பாடைல கட்டினாங்க!"

"சர்டிபிகேட்ல அப்டி இல்லியே அத்த."

"கோழி போனது எனக்கா, சர்டிபிகேட்டுக்கா?"

வசந்த்குமார் பங்காளிகள் வீட்டுச் சான்றிதழ்களையும் வாங்கிப் பார்த்தான். ஒருவர்கூடச் சனிக்கிழமை சாகவில்லை. நம் குடும்பம் சாவதில் இவ்வளவு ஒழுக்கமானதா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. விசாரித்தால், எல்லாச் சாவையும் வி.ஏ.ஓ. ஆபீசில் போய்ச் சொன்னவர் ஒரே ஆள்: சின்னப்பையன்.

பெயர்தான் சின்னப்பையன், வயது எழுபதுக்கு மேல். யார் வீட்டில் இழவு விழுந்தாலும் ஐஸ் பெட்டி சொல்வது, உறவுக்குப் போன் போடுவது, கடைசியில் ஆபீசில் பதிவது எல்லாம் அவர்தான். யாரும் கேட்டதில்லை, அவர் விட்டதுமில்லை. கல்யாண வீட்டில் அவர் நுழைந்தால் மட்டும் ஜனங்களுக்குக் கொஞ்சம் பேஜாராக இருக்கும்.

டீக்கடையில் அவரைப் பிடித்தான்.

"மாமா, தாத்தா செத்தது சனிக்கெழமயாமே? ஞாயிறுன்னு இன்னாத்துக்குச் சொன்னீங்க?"

"பொணத்துக்குக் கோழி கட்டியாச்சி. கவர்மெண்டு காயிதத்துக்கு எவன் கோழி கட்றது நைனா? அதுவும் தொண தேடிச்சின்னா மறுபடி அலையறது யாரு, நான்தான?"

தாத்தாவைப் பற்றி இருக்கும் ஒரே எழுத்தும் பொய். அத்தை சொல்வதோ வெறும் வாய்ச்சொல். இன்னொரு சாட்சி இல்லாமல் எப்படி எழுதுவது?

"சனிதான்னு உங்களுக்கு நல்லாத் தெரியுமா மாமா?"

"தெரியாம? சனிக்கெழம நான் கவுச்சி தொட மாட்டேன். பாடைலேர்ந்து அவுத்த அந்தக் கோழிய ராத்திரி பூரா கூடைல கவுத்து வெச்சிக்கினு, ஞாயித்துக்கெழம தான..."

சின்னப்பையன் சட்டென்று கிளாசுக்குள் முகத்தைப் புதைத்தார்.

"கொழம்பா, வறுவலா?" என்று வசந்த்குமார் கேட்டான், ஆய்வாளனின் நிதானத்தோடு.

"கொழம்பு. உங்க அத்த கைல சொல்லிடாத."

பெயரை எழுதாவிட்டால் சான்றாகுமா? எழுதினால் துரோகமாகாதா? நெடுநேரம் குழம்பியபின் வரியைத் திருத்தி, அத்தைக்கு மறுபடி படித்தான்.

"எல்லப்பன் இறந்தது 11-6-2011, சனிக்கிழமை. சான்றிதழில் மறுநாள் என்று இருப்பது தவறு. சாட்சிகள் இருவர்: கோழியைக் கொடுத்தவர், கோழியைத் தின்றவர்."

சனிக்கிழமைக்குப் பெருமையாக ஆடிய அத்தையின் தலை, கடைசிச் சொல்லில் நின்றது.

"யார்ரா அந்தத் தின்னவரு?"

சான்று கேட்டே பழகியவன், வாசலில் செருப்பைத் தேடினான்.