லைன் நாலின் பதில்

ஞானசுந்தரி போன ஜூலையில் இறந்தாள். சர்ச்சில் வாசித்த வாழ்க்கைக் குறிப்பில் பிறந்த ஊர், கல்யாணம், ஒரே மகள், ஷூ கம்பெனி வேலை எல்லாம் வந்தன. வேலையை ஏன் விட்டாள் என்பது வரவில்லை. நாத்தனார் ஜெஸிதான் அந்த வரியை எடுக்கச் சொன்னாள். போன் நோண்டி வேலையைத் தொலைத்தவள் என்பது சொந்தக்காரர்கள் மத்தியில் முடிந்துபோன பேச்சு.

அந்தப் பேச்சு தப்பு. வேலை தொலையவில்லை. அவளாகத்தான் விட்டாள்.

ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் கம்பெனி அது. அங்கே அவள் லைன் நாலுக்கு சூப்பர்வைசர். அதற்கு முன்னால் அதே லைனில் பல வருடம் மெஷினில் உட்கார்ந்தவள். அந்த லைனில் ஒரு சட்டம் உண்டு. தைத்த துண்டு கோளாறு என்று திரும்பி வந்தால் அதோடு ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருக்கும். தைத்தவள் அதில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நூல் தளர்ந்தது, ஊசி மழுங்கியது, என் கவனம் தப்பியது, எதுவானாலும் எழுத வேண்டும். எழுதாமல் அந்தத் துண்டைத் தொடக் கூடாது. மற்ற லைன்களில் இதை ஒப்புக்குச் செய்தார்கள். லைன் நாலில் ஞானசுந்தரி பக்கத்தில் நின்று எழுத வைத்தாள். "மூடி வெச்சா அடுத்த டேபிள்ல பிச்சிக்கும்" என்பாள்.

இணையத்தை அவள் முதலில் பார்த்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில். மகள் ஃபீபியின் பிளஸ் டூ ரிசல்ட். தடுப்புக்குப் பின்னால் பாதி ஊர் முண்டியடித்தது. மார்க் வந்தது, சென்டர்காரன் உரக்கப் படித்தான், எல்லாருக்கும் தெரிந்துபோனது. ஒரு பெண்ணின் மார்க்கைக் கடைக்காரன் ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள். அதன் பிறகு பல வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஃபீபி சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போய் முதலில் வாங்கித் தந்தது ஒரு ஸ்மார்ட்போன். ஞானசுந்தரி ஃபேஸ்புக்கில் கல்யாணப் படங்களுக்கு வரிசையாக ரோஜாப்பூ போட்டாள். யார் பேத்திக்குப் பூ போட்டாள், யார் பேரனுக்குப் போடவில்லை என்று சொந்தத்தில் கணக்குப் பார்க்க ஆரம்பித்ததும் ஃபேஸ்புக்கை விட்டாள். வாட்ஸப்புக்கு வந்தாள். சர்ச் குரூப், குடும்ப குரூப், லைன் குரூப். விடிந்ததும் வசனம், அதன் பின்னால் குட் மார்னிங், அதன் பின்னால் இஞ்சிச் சாறு. எதையும் விடாமல் பார்த்தாள், பார்த்ததை நாலு பேருக்கு அனுப்பினாள்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அவள் புருஷன் ஏசுராஜ் போனான். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்த்தவன். புதைத்துவிட்டு வந்து குளித்து, தலை ஈரத்தோடு போனை எடுத்தாள். குடும்ப குரூப்பில் ஆறுதல் செய்திகள். அவற்றுக்கு நடுவில் ஒரு காபிக் கோப்பைப் படம், "இந்த நாள் இனிய நாள்" என்று. அதற்குக் கீழே யாரோ நுரையீரல் சுத்தமாக ஆவி பிடிக்கும் முறையை அனுப்பியிருந்தார்கள். ஏசுராஜுக்கு அதையும் செய்து பார்த்திருந்தாள்.

ஒவ்வொரு குரூப்பாக வெளியே வந்தாள். அழவில்லை. லைன் குரூப்பையும் விட்டுவைக்கவில்லை. ஜெஸி போன் செய்தாள்.

"அண்ணி, இன்னா எல்லா குரூப்லயும் லெஃப்ட் ஆயிட்டீங்க? பாஸ்டரே கேக்கறாரு."

"பாஸ்டர் வீட்டுக்கு வரட்டும். காபி போட்டுத் தரேன். குரூப்ல நான் இல்ல."

"கோவமா?"

"ஜாஸ்தி சத்தம் ஜெஸி. அவ்ளோதான்."

அதற்குப் பிறகு யூட்யூப். ஒரு பிரசங்கம் முடிந்தால் இன்னொன்று தானாக வந்தது. அதன் பின்னால் சமையல், அதன் பின்னால் யாரோ வீட்டுச் சண்டை. "லாங் பஜார் துணிக்கடைக்காரன் மாதிரி இருக்கு. நான் ஒரு பாவாடைத் துணி கேட்டா கடையையே பிரிச்சுப் போடறான்" என்று ஃபீபியிடம் சொன்னாள். இனி தானாக வருவது எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தாள். ஃபீபியிடம் சொல்லி எல்லாவற்றையும் அழிக்க வைத்தாள். கடைசியில் போனில் மிஞ்சியது தேடும் கட்டம் ஒன்றுதான். "நான் கேட்டா மட்டும் பேசினா போதும் அது."

கேட்பதற்கு அவளிடம் ஒன்று இருந்தது. கம்பெனியில் அவர்கள் வெறும் நம்பரால் அழைத்த ஒரு ஷூ, வெளிநாட்டில் கிளாரா என்ற பெயரில் விற்றது. பேக்கிங்கில் ஒட்டும் ஸ்டிக்கரில் அந்தப் பெயரைப் பார்த்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, அதை எழுத்துக் கூட்டித் தேடினாள். வந்தது. வெள்ளைப் பின்னணியில் அவள் லைனில் தைத்த ஷூ, ஒரு தூசு இல்லாமல். கையில் எடுத்துத் திருப்பி உள்பக்கம் பார்க்க முடியவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

படத்துக்குக் கீழே வாங்கியவர்களின் கருத்துகள் இருந்தன. போன் அவற்றைத் தமிழாக்கித் தந்தது. "கிளாரா என் குதிகாலைத் தின்றுவிட்டாள். அவளைத் திருப்பி அனுப்பினேன்." ஞானசுந்தரி தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மற்றதையும் படித்தாள். பாராட்டுகளைத் தாண்டிப் போனாள். குறைகளைத்தான் படித்தாள். ஒவ்வொன்றின் கீழேயும் பதில் எழுத ஒரு கட்டம் காலியாக இருந்தது. யாரும் எழுதவில்லை.

காலியாக விட்ட சிவப்புச் சீட்டுகளாக அவை அவளுக்குத் தெரிந்தன.

ஃபீபிக்குப் போன் போட்டாள். "தமிழ்ல எழுதினதை இங்கிலீஷாக்கி வேற இடத்துல ஒட்றது எப்படிடி?"

"எதுக்கும்மா?"

"சொல்லு, எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்."

குதிகாலைப் பறிகொடுத்தவளுக்குத்தான் முதல் பதில். 'புதுத் தோல் முதல் வாரம் இறுக்கும், பிறகு இடம் கொடுக்கும். தடித்த சாக்ஸ் போட்டு வீட்டுக்குள் நடந்து பழக்குங்கள். ஞானசுந்தரி, லைன் 4, ஆம்பூர்.' மழையில் சாயம் போனது என்றவருக்கு, ஈரத்தோடு வெயிலில் வைக்காதீர்கள் என்று எழுதினாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டீ, பதில், பிறகுதான் சமையல் என்று ஆனது. விஷயம் தெரிந்ததும் ஃபீபி பயந்துவிட்டாள்.

"அம்மா, அது உன்னைக் கேட்டது இல்ல. கஸ்டமர் கேர்னு ஒண்ணு இருக்கு, அவங்க பாத்துப்பாங்க."

"கஸ்டமர் கேருக்கு இன்னாடி தெரியும், தையலைப் பத்தி?"

சில மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் ஒரு பெண் படத்தோடு எழுதியிருந்தாள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பின்பக்கத் தையல் ஓரம் கிழிந்துவிட்டது. ஞானசுந்தரி படத்தை விரலால் விரித்துப் பார்த்தாள். நூல் அறவில்லை. நூலை ஒட்டித் தோல்தான் கிழிந்திருந்தது. தைப்பதற்கு முன் தோலின் ஓரத்தை மெஷினில் சீவி மெலிதாக்குவார்கள். பிளேடு தேய்ந்திருந்தால் ஓர் இடத்தில் தடிப்பாகவும் ஓர் இடத்தில் காகிதம் மாதிரியும் சீவும். அவளுக்கு அந்த நாள்கள் ஞாபகம் இருந்தன. கன்டெய்னர் கிளம்ப வேண்டிய அவசரம். பிளேடை மாற்றச் சொன்னாள். மேலே இருப்பவர், இந்த லோடு போகட்டும் என்றார். அவள் போகவிட்டாள்.

எழுதினாள். 'தவறு எங்களுடையது. சீவும் பிளேடு தேய்ந்திருந்தது. தெரிந்தும் ஓட்டினோம். மன்னிக்கவும். ஞானசுந்தரி, லைன் 4, ஆம்பூர்.'

அந்த வாரமே எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். மேனேஜர் தௌசீப் அகமது அவளைவிடச் சின்னவர், நல்ல மாதிரி. கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஞானம்மா, இது நீங்க போட்டதா?"

"ஆமா சார். பேர் போட்டிருக்கேனே."

"அதுதான் பேஜாரே. பேர் இல்லன்னா யாரோ விஷமின்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எங்க தைக்கிறாங்கன்னு வெளிய தெரியக் கூடாது. அக்ரிமென்ட். நீங்க ஊரு, லைனு, தப்பு எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கீங்க. வெளிநாட்டுல விக்கிறவங்ககிட்டருந்து மெயில் மேல மெயில்."

"ரிஜெக்ட் வந்தா காரணம் எழுதணும்னு போர்டு மாட்டினது கம்பெனிதான சார்?"

"அது உள்ள, ஞானம்மா."

"அந்தப் பொண்ணு காலு வெளியதான இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "பாருங்க, வெப்சைட்காரனே அதை எடுத்துட்டான். மேட்டர் முடிஞ்சுது. நான் போட்டது தவறான தகவல், இனி போட மாட்டேன்னு ஒரு லெட்டர். கையெழுத்து போட்டா நீங்க உங்க லைனுக்குப் போலாம். இல்லன்னா என் கையில இல்ல. திங்கக்கிழமை குடுங்க."

லெட்டர் டைப் செய்து தயாராக இருந்தது. 'தவறான தகவல்' என்ற இடத்தில் அவள் கண் நின்றது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை அதே பதிலை அதே இடத்தில் மறுபடி போட்டாள். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். மறுபடி போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லுப்னா வந்தாள். லைன் நாலில் நல்ல கை அவளுடையது. உட்காரச் சொன்னதற்கு நின்றுகொண்டே பேசினாள்.

"அக்கா, அடுத்த ஆர்டரை நம்ம லைனுக்குத் தர மாட்டாங்களாம். எல்லாரும் பேசிக்கிறாங்க."

"நான் பொய் எழுதலயே லுப்னா."

"யாரு பொய்ன்னா? பிளேடு தேஞ்சிதான் இருந்துது. நானே சொன்னேன்." குரல் கொஞ்சம் ஏறியது. "ஆனா லைன் நாலுன்னு போட்டா அதுல நானும்தான் வர்றேன். பூரா லைனும் வருது. எங்களைக் கேட்டீங்களா? அடுத்தவ சீட்டுல கையெழுத்து போடக் கூடாதுன்னு எங்களுக்குச் சொன்னதே நீங்கதான்."

ஞானசுந்தரி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"டீ குடிச்சிட்டுப் போ."

"வேணாம்க்கா." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே லுப்னா சொன்னாள். "அந்த லெட்டர்ல கையெழுத்து போட்ருங்க. உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டு வருது. எனக்கு வீட்ல ரெண்டு தங்கச்சிங்க."

திங்கட்கிழமை தௌசீப் அகமதுவின் மேஜையில் இரண்டு காகிதம் வைத்தாள். ஒன்று அவர் தந்த லெட்டர், கையெழுத்து இல்லாமல். இன்னொன்று அவள் கையால் எழுதியது, வேலையை விடுகிறேன் என்று.

"ஒரு கையெழுத்துக்காகவா ஞானம்மா? இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கே."

"கையெழுத்துன்னா லேசா சார்? நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட பொண்ணுங்களை சீட்டுல எழுதுன்னு சொல்வேன்?"

"அப்ப ஆர்டர்?"

"நான் இங்க இல்ல. இனிமே நான் எழுதறது கம்பெனி எழுதறது இல்ல. அதைச் சொல்லி மெயில் போடுங்க. லைனை விட்டுருங்க."

அவர் காகிதத்தைத் திருப்பித் தரப் பார்த்தார். அவள் வாங்கவில்லை.

செய்தி கேட்டு ஃபீபி அன்று மத்தியானமே ரயிலில் வந்துவிட்டாள். திட்டத் தயாராக வந்தவள், அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

"இன்னுமா?"

"இரு. இதை இங்கிலீஷாக்கினா சரியா வருதா பாரு."

ஃபீபி படித்தாள். 'சீவும் பிளேடு தேய்ந்திருந்தது. எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லும் இடத்தில் நான் இருந்தேன். நிறுத்தவில்லை. தவறு என்னுடையது. ஞானசுந்தரி.'

கம்பெனி இல்லை, லைன் இல்லை, ஊர்கூட இல்லை. வேலையில் தினமும் நூறு பேர் எழுதியதைப் பிழை பார்ப்பவள் ஃபீபி. இதில் திருத்த ஒன்றும் இல்லை. ஆனாலும் பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இதையும் எடுத்துருவான்மா."

"எடுக்கட்டும்." ஞானசுந்தரி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். "எனக்கு இப்ப வேற வேலை இல்ல."