பம்ப்செட் தொட்டிக்கு ஒரு சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலையில் காஞ்சிபுரத்தில் தனியாக நடந்து போகிறவனைப் பார்த்தால் ஆட்டோக்காரர்கள் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "எந்தக் கோயில் சார்? அஞ்சு கோயில் பாத்துட்டு வந்துரலாம், ஏறுங்க." நான் பிறந்ததே இந்த ஊரில்தான். இருந்தும், இருபத்தேழு வயதில், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வேதப்புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்த அன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எந்தக் கோவில் என்று தேடித்தான் கிளம்பியிருந்தேன்.

என் அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறவர். சனிக்கிழமை தோறும் என்னைப் பெருமாள் கோவிலுக்குக் கூட்டிப் போவார். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா ஜெபவீட்டுக்குக் கூட்டிப் போவாள். எனக்கு ஐந்து வயதில் மஞ்சள் காமாலை வந்து கிடந்தபோது பக்கத்துச் சந்தில் இருந்த ஜெபவீட்டிலிருந்து இரண்டு பேர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்களாம். அதிலிருந்து அம்மாவுக்கு அந்தப் பழக்கம். அப்பா தடுக்கவில்லை. "அவளுக்கு ஒரு சாமி, எனக்கு ஒரு சாமி. புள்ளைய ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்" என்பார். வாரத்தில் கிடைக்கிற இரண்டு நாள் லீவும் சாமி கும்பிடுவதிலேயே போய்விடுகிறதே என்பதுதான் என் குறை.

பதினான்கு வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். பாலாற்றில் தண்ணீர் இல்லாத கோடை. செவிலிமேட்டைத் தாண்டி ஒருவருடைய வயலில், பம்ப்செட் தொட்டியில் என்னை முக்கி எடுத்தார் பாஸ்டர். ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் எங்கள் ஜெபவீட்டில் திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் அடுத்த மாதம் முதல் ஞாயிறு எனக்கும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் மாமா வந்துவிட்டார்.

"படிக்கிற புள்ளைய இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க?" என்று வாசலிலேயே நின்றுகொண்டு அம்மாவைக் கேட்டார். "சர்டிபிகேட்ல மதம் மாறிப்போச்சின்னா ஸ்காலர்ஷிப்புக்கு எவன் பதில் சொல்றது? நம்ம வம்சத்துல பள்ளிக்கூடத்து வாசல மிதிச்ச ஒரே ஆளு இவன்தான். சாமி எங்கியும் ஓடிடாது. படிப்பு ஓடிடும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்வதென்றால், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடப் போகலாம். அந்த முதல் ஞாயிறும் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. அம்மா மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். சில வருடங்களில் பாஸ்டர் ஊரை விட்டுப் போய்விட்டார். ஜெபவீடு தண்ணீர் கேன் வைக்கிற குடோனாக மாறியது. அதற்குப் பிறகு அம்மா வீட்டிலேயே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய ஜெபிப்பாள்.

நான் டிப்ளமா முடித்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அம்மா இறந்துபோனாள். அப்பா வீட்டு முறைப்படி எல்லாம் நடந்தது. சங்கு, மேளம், வாய்க்கரிசி. அவளுக்காக ஒரு ஜெபம் சொல்ல அங்கே ஆள் இல்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் இருந்தேன். வீட்டில் படித்தவன் நான் ஒருவன். ஒரு நிமிஷம் நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் மாமா உட்பட எல்லோரும் நின்றிருப்பார்கள். சொல்லவில்லை. வாய்க்கரிசி போட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு வழிவிட்டேன்.

திரும்பிப் போகவேண்டும் என்று எப்போது தோன்றியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் அப்பாவோடு தறியில் உட்கார்ந்துவிட்ட என் அண்ணனின் குடும்பம் பெருகியதால் செவிலிமேட்டில் ஒரு மாடி அறை எடுத்துத் தனியாக வந்திருந்தேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போது அம்மா முணுமுணுக்கிற வார்த்தைகள் என் வாயில் வர ஆரம்பித்தன. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஆறு மாதம் அப்படியே ஓட்டினேன். ஆனால் ஒன்று புரிந்தது. ஜெபத்தைத் தனியாகப் பண்ணலாம். திருவிருந்தைத் தனியாகச் சாப்பிட முடியாது. அதற்குப் பந்தி வேண்டும், பந்தியில் பக்கத்தில் ஆள் வேண்டும். பதினான்கு வயதில் நான் போகாமல் விட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் போனது ஒரு கல்யாண மண்டப மாடியில் நடக்கிற பெரிய சபை. கீபோர்டு, டிரம்ஸ், கலர் விளக்கு. "முதல் தடவை வந்தவங்க எழுந்து நில்லுங்க" என்றார்கள். நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். கோட்டு போட்ட ஒரு அண்ணன் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கி ஒரு வரவேற்புக் கார்டு கொடுத்தார். அடுத்த வாரமும் போனேன். அதே அண்ணன் வந்து, "பிரதர் புதுசா?" என்று கேட்டு அதே கார்டைக் கொடுத்தார். மூன்றாவது வாரம் அவர் என்னை நோக்கி வருவதைப் பார்த்ததும், அவருக்குச் சங்கடம் வேண்டாமே என்று நானே எழுந்து நின்றுவிட்டேன். கைதட்டினார்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்றைக்கும் காலை வணக்கம் வருகிறது.

அதற்குப் பிறகு போனது மணிக்கூண்டு வைத்த பழைய தேவாலயம். அங்கே யாரும் ஓடி வரவில்லை. பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாமல் முன்வரிசை ஆளின் பிடரியைப் பார்த்தே எல்லாம் செய்தேன். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. நடுவில் பேச்சே இல்லாமல் கொஞ்ச நேரம் விடுவார்கள். அதில் அம்மா உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

வெளியே வரும்போது ஒரு பெரியவர் கேட்டார். "எந்த ஊர்ல இருந்து மாத்தலாகி வந்திருக்கீங்க? பேங்கா?"

"இந்த ஊருதாங்க."

"இந்த ஊரா? எந்தக் குடும்பம்?"

அப்பா நெய்கிறார், பிள்ளையார்பாளையம் பக்கம் என்று சொன்னேன். "ஓ" என்றார். அந்த ஓ-வோடு அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார். இருந்தாலும் நான் விடவில்லை. இரண்டு மாதம் போனேன். பிறகு ஒரு திருவிருந்து ஞாயிறு, மற்றவர்களோடு எழுந்து நானும் முன்னால் போய்விட்டேன்.

கம்பித் தடுப்பின் முன்னால் வரிசையாக முழங்காலிட்டிருந்தோம். அந்தச் சபையின் குருவான ஆயர் அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன். அதன் பிறகு ரசப் பாத்திரத்தோடு வந்தார். என்னையறியாமல் இடது கைமேல் வலது கையைக் குழித்து நீட்டினேன். அவர் நின்றார். நான் முகத்தை நிமிர்த்துவேன் என்று அவர் காத்திருக்கிறார், அவர் கையில் ஊற்றுவார் என்று நான் காத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். கடைசியில் அவரே குனிந்து பாத்திரத்தை என் உதட்டில் வைத்தார். குடித்தேன். குடித்து முடித்ததும் என் வலது கை, ஒரு சொட்டும் படாத காய்ந்த கை, தானாக உயர்ந்து உச்சந்தலையைத் தடவியது. பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும் குனிந்த தலையோடு அங்கேயே இருந்தேன். எதற்கென்று பிறகுதான் உறைத்தது. பெருமாள் கோவிலில் தீர்த்தத்துக்குப் பிறகு தலையில் சடாரி வைப்பார்கள் அல்லவா, அதற்கு.

வாசலில் செருப்பு மாட்டும்போது எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"தீர்த்தம் வாங்குறாருபா. அடுத்த மாசம் துளசி கேப்பாரு பாரு."

"பொங்கல் இருக்குதான்னு கேக்கலியே, அதுவரைக்கும் சந்தோசப்படு."

கண்ணாடி போட்ட ஒரு அம்மா அவர்களை முறைத்துவிட்டு என்னிடம் வந்தார். அந்தச் சபையில் பெண்கள் கூட்டம் நடத்துகிறவர். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க இந்துவா? யார் வேணா வந்து ஒக்காரலாம். ஆனா பந்திக்கு வரக்கூடாதுபா."

"இல்லீங்கம்மா. நான் ஞானஸ்நானம் எடுத்தவன்."

"எந்தச் சபையில?"

"இப்ப அந்தச் சபை இல்லீங்க."

"சரி, பாஸ்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கினு வாங்களேன்."

பாஸ்டரின் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. தண்ணீர் கேன் குடோனில் கேட்டேன். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஐந்து ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகவில்லை. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அது காய்வதைப் பார்த்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பேன். அந்த இரண்டு பேர் சிரித்ததுகூடப் பெரிதில்லை. அவர்கள் சொன்னது உண்மைதானோ என்பதுதான் அரித்தது. நான் ஞானஸ்நானம் எடுத்த அன்று கூட இருந்தவர்கள் பாஸ்டரும் அம்மாவும் மட்டும்தான். ஒருவர் எங்கே என்று தெரியாது. ஒருவர் இல்லை. என் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, என் கையோ வேறு சாட்சி சொல்கிறது.

ஆறாவது ஞாயிறுதான் பம்ப்செட்காரர் ஞாபகம் வந்தது.

விசாரித்துப் போனேன். வயல் இல்லை. எல்லைக்கல் நட்ட மனைகளாகக் கிடந்தது. அவர் மெயின் ரோட்டில் ரியல் எஸ்டேட் ஆபீஸ் வைத்திருந்தார். தோளில் கட்சிக்கரை துண்டு, நெற்றியில் திருநீறு.

"வாபா. வார்டு பிரச்சினையா, மனையா?"

"ரெண்டும் இல்லீங்க." எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பதிமூன்று வருடத்துக்கு முன் உங்கள் தொட்டியில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று அப்படியே சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது? மூக்குல தண்ணி ஏறி இருமிக்கினே இருந்தியே. தொட்டி பூரா கலக்கிட்டுப் போய்ட்டீங்கபா, அன்னிக்கி மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியல."

"ஆமாங்க."

"உங்கம்மா வரப்புல நின்னுக்கினு அழுவுது. புள்ளைக்கு இன்னா ஆச்சோன்னு நான் பயந்து போயி மோட்டர நிறுத்திட்டு ஓடியாறேன். பாத்தா, அழுதுக்கினே சிரிக்குது."

அம்மா அழுதது எனக்குத் தெரியாது. நான் தண்ணீரைத் துடைத்துக் கண்ணைத் திறந்தபோது அவள் துண்டோடு சாதாரணமாகத்தான் நின்றாள்.

"அந்தம்மா நல்லா இருக்குதா?"

"இல்லீங்க. போய்ட்டாங்க."

அவர் கொஞ்சநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"நான் முருகனக் கும்புடுறவன்பா. நான் எழுதிக் குடுத்தா அவங்க ஒத்துப்பாங்களா?"

"பாத்தவங்க நீங்க ஒருத்தர்தாங்க இருக்கீங்க."

லெட்டர்பேடை இழுத்தார். மேலே மனைகள் வாங்க விற்க அணுகவும் என்று அச்சடித்திருந்தது. யோசித்து யோசித்து எழுதி, ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார். 'மேற்படி நபர் என்னுடைய பம்ப்செட் தொட்டியில் கிறிஸ்தவ முறைப்படி முங்கினார் என்பதையும் அன்னாரின் தாயார் உடனிருந்தார் என்பதையும் நான் நேரில் பார்த்தேன்.' மடித்துக் கொடுக்கும்போது, "மனை கினை வேணும்னா வா" என்றார்.

ஆயர் வீட்டு முன்னறையில் அதைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். அவர் சிரித்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

"அன்னிக்கி உங்க கைய பாத்ததும் எனக்குப் புரிஞ்சிது தம்பி. கேட்டிருக்கணும். வரிசை நிக்குதுன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "இத கமிட்டில வெக்கிறேன். ரெண்டு பேரு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். ஆனா எங்க முறைல திடப்படுத்தல் வகுப்பு ஒண்ணு இருக்குது. பேராயர், அதான் பிஷப்பு, வந்து தலைமேல கை வெச்சாதான் பந்தி. அதுவரைக்கும் முன்னால வராதீங்க. வந்து ஒக்காருங்க."

"எத்தனை நாள் ஆகும்ங்க?"

"அவரு வர்ற வரைக்கும்."

பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னார். பேனாவைப் பிடித்தபோது மாமாவின் குரல் காதில் கேட்டது. ஸ்காலர்ஷிப் எல்லாம் எப்போதோ முடிந்த கதை. இருந்தும் கை ஒரு கணம் நின்றது. எழுதினேன். அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். தறிச் சத்தம் நின்றது. "உங்கம்மா மாதிரியே போறன்ற. போ. உங்க மாமாகிட்ட மட்டும் நீயே சொல்லிடுபா, என்னால ஆவாது" என்றார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தது. எங்கள் பெஞ்சில் ஐந்து பேர். முறை வந்ததும் நான்கு பேர் எழுந்தார்கள். நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். கடைசியாகப் போன கண்ணாடிக்கார அம்மா தன் கைப்பையை என் பக்கத்தில் வைத்து, "பாத்துக்கப்பா" என்று மெதுவாகச் சொன்னார். அதைப் பார்த்துப் பின்பெஞ்சுக்காரர் ஒருவர் தன் ஹெல்மெட்டையும் வைத்தார். எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். ஒரு பை, ஒரு ஹெல்மெட், ஒரு குடை, யாருடையதோ ஒரு சாவிக்கொத்து. வெறும் பெஞ்சுகளுக்கு நடுவில் அவற்றோடு உட்கார்ந்து, அவர்களுடைய முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசிப்பது போல இருந்தது. பேராயர் வருகிற தேதி அன்று வரை முடிவாகவில்லை.