பதினஞ்சு ஆம்ப்ஸ் பிளக் இருக்குங்களா?

எங்க தொழில்ல வண்டி ஓட்டறது சின்ன வேலை. பிளக் கேட்கறதுதான் பெரிய வேலை.

நான் எலெக்ட்ரிக் கார்ல டாக்ஸி ஓட்டறேன். மந்தவெளியில முதல் மாடியில வாடகை வீடு. கார் தெருவுல நிக்கும், நான் மேல இருப்பேன், நடுவுல ஒயர் விட வழி கிடையாது. இதெல்லாம் கார் வாங்கறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டாமான்னு கேட்கறவங்க வரிசையில வாங்க, முதல் ஆளா என் மாமியார் நிக்கறாங்க. என்னை மாதிரியே வாங்கி மாட்டிக்கிட்டவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். உங்களுக்குத்தான் புரியும்.

சார்ஜ் ஏத்த ரெண்டு வழி இருக்கு. ஸ்டேஷனுக்குப் போனா ஒரு மணி நேரத்துல ஏறிடும், ஆனா நமக்கு முன்னாடி நாலு டாக்ஸி நிக்கும். இல்லைன்னா டிக்கியில இருக்கற ஒயரை எடுத்து, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் போடுவாங்களே, அந்தப் பெரிய பிளக்குல மாட்டிட்டு ராத்திரி பூரா விடணும். அதுக்குப் பேருதான் பதினஞ்சு ஆம்ப்ஸ். கரண்ட்டுக்குக் காசு குடுத்துடறேன்னு சொல்லித்தான் கேட்பேன். இருந்தாலும் வாசல்ல நின்னு பிளக் கேட்கற பொம்பளையை யாரும் உடனே நம்பறதில்லை. தண்ணி கேட்டா சொம்போட வர்றாங்க, பிளக் கேட்டா வீட்டுக்காரரைக் கூப்பிடறாங்க.

முருகர் இருக்கும் இடம்

எலெக்ட்ரிக் டாக்ஸி ஓட்டறவங்களுக்குள்ள எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு. பேட்டரியில எவ்வளவு இருக்குன்னு பின் சீட்டுக்குத் தெரியக் கூடாது. இருபதுன்னு பார்த்தாலே அவங்களுக்கு வேர்க்க ஆரம்பிச்சிடும். அடுத்த தடவை வேற வண்டியைக் கூப்பிடுவாங்க. அதனாலேயே கஸ்டமர்கிட்ட மட்டும் பிளக் கேட்கவே கூடாது. ஊர்ல யார்கிட்ட வேணா கேளு, வண்டியில ஏறினவங்ககிட்ட மூச்சு விடாதேன்னு எனக்கு முன்னாடி வாங்கினவங்க சொல்லிக் குடுத்தாங்க.

நான் ஒரு சின்ன முருகர் சிலையை வாங்கி, ஸ்கிரீன்ல அந்த நம்பர் வர்ற மூலைக்கு நேரா ஒட்டிட்டேன். பின்னாடி இருக்கறவங்களுக்கு முருகர் மட்டும் தெரிவார். எனக்கு வேணும்னா கழுத்தை நீட்டி அவருக்குப் பின்னாடி எட்டிப் பார்த்துப்பேன். தி.நகர்ல கல்யாண ஜவுளி எடுத்துட்டு ஏறின ஒரு அம்மா வழியெல்லாம் என்னையே பார்த்துக்கிட்டு வந்தாங்க. இறங்கும்போது மகள்கிட்ட சொன்னாங்க: "டிரைவருக்கு எவ்வளவு பக்தி பாரு. சிக்னலுக்கு சிக்னல் சாமியை எட்டி எட்டிப் பாக்குது."

ஒரே வைத்தியம்

என்னோட நிரந்தர கஸ்டமர் ஒருத்தர்தான். ஜாஃபர் பாய். மயிலாப்பூர்ல கீழே கார் சீட் கவர் தைக்கற கடை, மேல வீடு. என் வயசுதான் இருக்கும். ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் காலையில ஆறரைக்கு பெருங்குடியில டயாலிசிஸ். லேட்டா போனா சென்டர்ல திட்ட மாட்டாங்க, நேரத்தைக் குறைச்சிடுவாங்க. ஏன்னா அதே மெஷினுக்கு அடுத்த ஆள் வெளியில காத்துக்கிட்டு இருப்பார். அப்படி ஒரு தடவை வேற டாக்ஸிக்காரர் லேட் பண்ணி நேரம் குறைஞ்சு போய், பாயால ராத்திரி படுக்க முடியலை. மூச்சு வாங்கி விடிய விடிய உட்கார்ந்தே இருந்திருக்கார். அதுக்கப்புறம்தான் என்னைப் பிடிச்சார். நான் ஒரு நாளும் லேட் பண்ணதில்லை. அரை மணி முன்னாடியே போய் வாசல்ல நிப்பேன்.

ஏறின முதல் நாள் சீட்டைத் தடவிப் பார்த்துட்டு, தையல் சரியில்லைன்னார். அப்புறம் இது எத்தனை மணி நேரம் சார்ஜ் ஏறும்னு விசாரிச்சார். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். தண்ணியே அளந்து குடிக்கணும்னு டாக்டர் உத்தரவு, ஆனா திரும்பி வரும்போது அடையார்ல நிறுத்தச் சொல்லி ஒரு ஃபுல் டீ, லஸ் வந்ததும் ஒரு ரோஸ் மில்க். வீட்டுல சொல்லாதேன்னு சொன்னார், சொல்ல மாட்டேன்னு சொன்னேன். நானே முருகரை வெச்சு ஒண்ணை மறைச்சுக்கிட்டு ஓட்டறேன், எனக்கு எதுக்கு ஊர் வம்பு. அன்னிக்கு டீயை உறிஞ்சிக்கிட்டே சொன்னார்: "உன் காருக்கும் எனக்கும் ஒரே வைத்தியம்தாமா. ஒயர மாட்டிக்கினு கம்முனு கெடக்கணும்."

லிஃப்ட்டின் வேகம்

ஆழ்வார்பேட்டையில ஒரு அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் எங்க தெருக்காரர். மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு பிளக் இருக்கு, மத்தியானத்துல போட்டுக்கன்னு சொன்னார். ஒரு வாரம் நிம்மதியா போச்சு. எட்டாம் நாள் அசோசியேஷன் செக்ரட்டரி வந்து நின்னார். வயசானவர், வெள்ளை வேட்டி, கையில சாவிக்கொத்து. நான் சார்ஜ் போடற நேரத்துல லிஃப்ட் மெதுவா போறதாம். மூணாவது மாடியில புகார் சொல்லியிருக்காங்களாம்.

லிஃப்ட்டுக்கு தனி லைன் சார், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொன்னேன். வாட்ச்மேனும் சொன்னார். சந்தேகம் தீரட்டும்னு ஒயரைப் பிடுங்கிட்டு மூணு பேரும் லிஃப்ட்ல ஏறிப் போய்ப் பார்த்தோம். அது எப்பவும் போல முனகிக்கிட்டே போச்சு. முன்னாடியும் இப்படித்தானே சார் போகும்னு வாட்ச்மேன் கேட்டார். செக்ரட்டரி மூணாவது மாடி வர்ற வரைக்கும் யோசிச்சுட்டுச் சொன்னார்: "முன்னாடியும் ஸ்லோதான்ப்பா. ஆனா அப்போ இதனாலதான்னு கை காட்டறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் இல்லையே."

சார்ஜிங் இடத்தின் சட்டம்

அடையார்ல ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் பேஸ்மென்ட்ல சார்ஜிங் மெஷின் வெச்சிருக்காங்க. ரெண்டு வண்டி நிறுத்தலாம். ஒண்ணுல டீசல் கார் நின்னுக்கிட்டு இருந்துச்சு. இன்னொண்ணுல நான் நிறுத்தி மாட்டினா மெஷின் உயிரோட இல்லை. கம்பெனிக்கு போன் போட்டேன். மெஷினை அவங்க அங்கிருந்தே அணைச்சுப் போடறாங்களாம், கால் மணி நேரம் காத்திருங்கன்னாங்க. காத்திருந்தேன்.

செக்யூரிட்டி வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். சார்ஜ் ஏறற வண்டி மட்டும்தான் இங்க நிக்கலாமாம், என்னுது ஏறலையாம். அப்ப அந்த டீசல் கார் மட்டும் என்ன ஏறுதான்னு கேட்டேன். எனக்குக் கோபம் வந்தா குரல் கொஞ்சம் பெரிசாகும், பேஸ்மென்ட்ல அது இன்னும் பெரிசாச்சு. அவர் அசரவே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி நிதானமா சொன்னார்: "அது சார்ஜுக்கு வந்த வண்டி இல்லைம்மா. அதனால அதுக்கு இந்த ரூல் கிடையாது."

வஞ்சிரம்

பெசன்ட் நகர்ல ஒரு சவாரியை இறக்கிட்டு, சார்ஜ் தீர்ந்து போய் ஊரூர் குப்பத்துப் பக்கம் ஒதுங்கினேன். மீன் விக்கற தேசம்மாக்கா ஷெட்டுல ஃப்ரீசர் பெட்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதோட பிளக்கைக் கேட்டேன். உள்ள ஐஸ் நெறைய கீது, ஒரு மணி நேரம் எடுத்துக்கோ, ஆனா நான் சாப்ட்டு வர்ற வரிக்கும் மீனப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் காக்கா விரட்டிக்கிட்டு உட்கார்ந்தேன்.

கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்து வஞ்சிரம் என்ன விலைன்னார். நான் மீன்காரி இல்லைங்கன்னேன். விலை ஏத்தறதுக்காக இப்படிச் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டார் போல, சிரிச்சார். சரி, மந்தவெளி மார்க்கெட்ல நான் குடுக்கற விலையைச் சொன்னேன். அவர் குறைச்சுக் கேட்டார். என் தொழில் புத்தி, பேரம்னு வந்தா இறங்க மாட்டேன். கடைசியில வாங்கிட்டே போயிட்டார். திரும்பி வந்த தேசம்மாக்கா காசைப் பார்த்தாங்க, மீன் இருந்த இடத்தைப் பார்த்தாங்க, என் காரைப் பார்த்தாங்க. "காலைலேந்து கத்திக்கினு கீறேன், இந்த வெலைக்கு ஒர்த்தனும் வாங்கல. நீ பேசாம அந்த வண்டிய வித்துட்டு இங்க வந்து குந்து."

தேங்காய்

தி.நகர்ல ஒரு கல்யாண மண்டபத்துல சொந்தக்காரங்களைக் கூட்டி வர்ற வேலைக்கு என்னைப் பேசியிருந்தாங்க. பொண்ணோட மாமா நல்ல மனுஷன். நான் கேட்காமலே, சமையல் கட்டுக்குப் பின்னாடி இருந்த பிளக்கைக் காட்டி, ராத்திரி போட்டுக்கங்க, ஹால்லயே படுத்துக்கங்கன்னார். மறுநாள் காலையில ஜாஃபர் பாயை பெருங்குடி கூட்டிப் போகணும். மாட்டிட்டு, பச்சை லைட் எரியறதைப் பார்த்துட்டுத்தான் படுத்தேன்.

விடியறதுக்கு முன்னாடி எழுந்து போய்ப் பார்த்தா, என் ஒயரை அழகா சுருட்டி, போனட் மேல வெச்சு, விழுந்துடக் கூடாதுன்னு மேல ஒரு தேங்காயும் வெச்சிருந்தாங்க. நான் படுத்த உடனேயே கழட்டியிருக்காங்க. பேட்டரியில அஞ்சு பர்சென்ட். சமையல் மாஸ்டர்கிட்ட போய்க் கத்தினேன். அவர் அதே பிளக்குல ஓடின கிரைண்டர்லேர்ந்து கையை எடுக்காமலே சொன்னார்: "உன் வண்டி ஓடலைன்னா ஆட்டோ வரும்மா. சட்னி அரையலைன்னா எனக்கு எது வரும்?"

ஆமை

அப்பவே பாய்க்கு போன் பண்ணி ஆட்டோவுல போங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை. ஸ்டேஷனுக்குப் போனா நேரம் ஆயிடும், ஏ.சி. போடாம மெதுவா போனா போய்ச் சேர்ந்துடலாம்னு கணக்குப் போட்டேன். பின் சீட்டுக்குத் தெரியக் கூடாதுங்கற சட்டம் வேற மண்டையில உட்கார்ந்திருந்துச்சு. வழக்கம் போல மயிலாப்பூர்ல அவரை ஏத்திக்கிட்டேன்.

"இன்னாமா, ஏ.சி. போடலையா?"

"கடல் காத்து நல்லா வருது பாய்."

"ஜன்னல் மூடிக்கினு கீதே?"

ஜன்னலைத் திறந்தேன். திருவான்மியூர் வர்றதுக்குள்ள வண்டி கத்த ஆரம்பிச்சிடுச்சு. ஸ்கிரீன்ல ஆமை படம் வந்துச்சு. இனிமே நகர்ந்துதான் போவேன்னு வண்டி சொல்ற பாஷை அது. முருகர் மறைக்க முடியாத அளவுக்குப் பெரிய ஆமை. பாய் முன்னாடி சாய்ஞ்சார். கொஞ்சம் தள்ளிக்க சாமின்னு மெல்லச் சொல்லிட்டு, முருகரைத் தொடாம தலையை மட்டும் சாய்ச்சு அந்த நம்பரைப் பார்த்தார். ஒண்ணுன்னு காட்டிச்சு.

வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. பெருங்குடி வரைக்கும் தாங்காது பாய்னு சொன்னேன். அந்த மெஷினும், வெளியில காத்திருக்கற அடுத்த ஆளும், பாய் உட்கார்ந்தே கழிச்ச ராத்திரியும்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. சிக்னல்ல நின்ன ஆட்டோவை ஓடிப் போய் மறிச்சேன். அவர் பையையும் போர்வையையும் தூக்கி உள்ள வெச்சேன். மன்னிச்சுக்குங்க பாய்னு சொன்னேன். அவர் வாட்ச்சைப் பார்த்துக்கிட்டே ஏறி உட்கார்ந்து சொன்னார்: "இத லஸ்லயே சொல்லிருந்தா பேரம் பேசி ஏறிருப்பேன். சிக்னல்ல புடிச்சா அவன் சொல்றதுதாமா ரேட்டு."

கேட்காத வீடு

மத்தியானம் வரைக்கும் பாய் போனை எடுக்கலை. கையில ஊசி குத்தியிருந்தா எடுக்க முடியாது, தெரியும். ஆனா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியணுமே. ஒரு டீக்கடை வாசல்ல வண்டியைத் தள்ளி நிறுத்தி, அவங்க பிளக்கைக் கேட்டு மாட்டிட்டு, போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில அவர் மனைவி ஆயிஷா அக்காதான் பேசினாங்க. நேரத்துக்குப் போயிட்டாராம், முழுசா நாலு மணி நேரமும் குடுத்தாங்களாம். எனக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. சாயங்காலம் வண்டியோட வீட்டுக்கு வான்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. இனிமே வராதேன்னு நேர்ல சொல்லப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டே போனேன்.

கடை ஷட்டர் பக்கத்துத் தூண்ல புதுசா ஒரு பெரிய பிளக் இருந்துச்சு. சிமென்ட் கூட காயலை. "தையல் மெஷினுக்குன்னு இந்த லைன் எப்பவும் உள்ள இருக்கு. இத்தனை நாளா வாசல்ல வந்து நிக்கறியே, ஒரு வார்த்தை கேட்டியா?"ன்னு அக்கா கேட்டாங்க. கஸ்டமர்கிட்ட கேட்கக் கூடாதுக்கான்னேன். அந்தச் சட்டத்தைச் சத்தமா சொன்னப்பதான் அது எவ்வளவு கிறுக்குத்தனம்னு எனக்கே தெரிஞ்சுது.

ஒயரை மாட்டக் குனிஞ்சேன். அக்கா நகரலை. ஒவ்வொரு தடவையும் சென்டர்ல எடை பார்த்தா இவருக்கு தண்ணி எக்கச்சக்கமா ஏறியிருக்குதாம், டாக்டர் திட்டறாராம், வழியில எங்கயாவது நிறுத்தறீங்களான்னு கேட்டாங்க. அக்காவுக்குப் பின்னாடி நின்ன பாய் கண்ணாலயே கெஞ்சினார். நான் பிளக்கைப் பார்த்தேன், அந்த ஆமையை நினைச்சேன். அடையார்ல ஒரு ஃபுல் டீ, லஸ்ல ஒரு ரோஸ் மில்க்குன்னு சொல்லிட்டேன். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாங்க. பாய் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு பிளக்குக்கு என்ன வித்துட்டியேமா."

இப்ப முருகர் நடுவுல ஃப்ரீயா நிக்கறார். பாய் ஏறினதும் நான் பேட்டரி நம்பரைச் சொல்றேன், அவர் குடிச்ச தண்ணிக் கணக்கைச் சொல்றார், ரெண்டு பேர்ல யார் பொய் சொன்னாலும் பெருங்குடியில தெரிஞ்சிடும்.