பிடித்துத் தைத்த கவுன்

அவ்ரில் சக்டன் எந்த உடையை எடுத்தாலும் முதலில் உள்பக்கம் புரட்டித்தான் பார்ப்பாள். தையல் எப்படிப் போகிறது, ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், லைனிங் பட்டா நைலானா, எல்லாவற்றையும் விரலால் தடவியே சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகுதான் வெளிப்பக்கம், நிறம், விலை.

எங்கள் மோர்கம் ஊரில் ஏழு சாரிட்டி கடைகள் இருக்கின்றன. ஜனங்கள் வேண்டாமென்று கொடுப்பதை விற்று நோயாளிகளுக்கோ அநாதை நாய்களுக்கோ பணம் சேர்க்கும் கடைகள். வயதானவர்கள் கடைசிக் காலத்தைக் கழிக்க வந்து சேரும் கடலோர ஊர் என்பதால் சரக்குக்குக் குறைவில்லை. அறுபது வருஷத்துக்கு முந்திய கம்பளிக் கோட்டு, மணி கோத்த கைப்பை, ஒருமுறைகூடப் போடாத பட்டுக் கையுறை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். வியாழக்கிழமை தவறாமல் அவ்ரில் ஏழு கடைகளையும் சுற்றுவாள். கூடவே அவள் தோழி தெல்மாவும்.

அவற்றில் ஒரு கடையின் பின்னறையில் நான் சம்பளமில்லாமல் வேலை செய்கிறேன். வருகிற பைகளைப் பிரித்து, கிழிசலை ஒதுக்கி, நல்லதை நீராவி காட்டிச் சுருக்கமெடுத்து ஹாங்கரில் மாட்டுவது என் வேலை. பதினோரு வருஷம் அந்த இரண்டு பேரையும் பார்த்திருக்கிறேன்.

அவ்ரில் முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதில் வீட்டில் புதுத்துணி என்பதே கிடையாது, சர்ச்சில் விற்கும் பழைய துணிதான். ஒன்பது வயதில் ஒரு சிவப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். கூடப் படித்த ஒருத்தி வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "அது என்னோடது. எங்கம்மா தூக்கிப் போட்டது" என்று சொல்லிவிட்டாள். அவ்ரில் அந்தக் கதையைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

"இப்பப் பாரு, நானே தேடிப் போய் அடுத்தவங்க தூக்கிப் போட்டத வாங்குறேன்."

தெல்மா நீச்சல்குளத்தில் டிக்கெட் கிழித்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவ்ரிலுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. தெல்மாவோ ஒரு கம்பளிக் கோட்டையே பிரித்து மறுபடி தைப்பாள். தேடிக் கண்டுபிடிப்பது அவ்ரில், அதை உடம்புக்கு ஏற்றபடி மாற்றுவது தெல்மா. இருவருக்கும் அப்படித்தான் உடுப்பு சேர்ந்தது.

அந்த மஞ்சள் கவுன் கிடைத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

"தெல்மா, இங்க வாடி. இது உனக்குத்தான்."

"இதப் போட்டா நான் கஸ்டர்டு கிண்ணம் மாதிரி இருப்பேன்."

"போடலேன்னாலும் நீ அப்படித்தான் இருக்கே. துணியத் தொட்டுப் பாரு முதல்ல."

தெல்மா தொட்டுப் பார்த்தாள். அந்த வருஷம் கடற்கரையில் பழங்கால உடை விழா நடந்தபோது அவள் அதைத்தான் போட்டிருந்தாள். யார் யாரோ நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்.

சுற்றி முடித்தபின் எதிர்ச்சாரி காப்பிக் கடையில் உட்கார்ந்து வாங்கியதையெல்லாம் மேசைமேல் பரப்புவார்கள். பரிமாறுகிற பெண், "பூச்சி உருண்டை வாசனையில என் டீகேக் யாருமே திங்க மாட்டேங்குறாங்க" என்று அலுத்துக்கொள்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செப்டம்பரில் தெல்மா வருவது நின்றுபோனது. முட்டி வலி என்று போனில் சொன்னாளாம். நாலைந்து வாரம் கழித்து அவ்ரில் மறுபடி கூப்பிட்டபோது, "இருக்கற குப்பையே போதும் அவ்ரில். இன்னும் எதுக்கு" என்றிருக்கிறாள்.

அந்த ஒரு சொல் அவ்ரிலைச் சுட்டுவிட்டது.

"குப்பைன்னு சொல்லிட்டா. பதினோரு வருஷமா நாங்க குப்பையா பொறுக்கினோம்?" என்று என்னிடம் கேட்டாள்.

"நேர்ல ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாயேன்."

"அவளே கூப்பிடட்டும்."

தெல்மா கூப்பிடவில்லை. அவ்ரிலும் போகவில்லை. நடந்தே போகக்கூடிய தூரம்தான். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது.

போன வருஷம் அக்டோபரில், ஒரு புதன்கிழமை, நாலு பைகள் வந்தன. இரண்டாவது பையைப் பிரித்ததும் மஞ்சள் தெரிந்தது. கையை உள்ளே விட்டபடியே அப்படியே நின்றேன். கடை மேலாளர் டங்கனைக் கேட்டேன்.

"ஒருத்தர் கார்ல வந்து இறக்கிட்டுப் போனார். அம்மா இறந்துட்டாங்களாம். ஏன், தெரிஞ்சவங்களா?"

அவ்ரில் வீடு இருக்கும் தெரு எனக்குத் தெரியும். எந்தக் கதவு என்று தெரியாது. நாளைக்கு வியாழன், எப்படியும் வருவாள், உட்காரவைத்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பைகளைத் தொடவேண்டாம் என்று டங்கனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் பஸ் தாமதம். நான் உள்ளே நுழைந்தபோது டங்கன் மஞ்சள் கவுனை வெளியே கடையில் மாட்டிவிட்டிருந்தான், அது அவ்ரில் கைக்குப் போயிருந்தது. வழக்கம்போல உள்பக்கம் புரட்டியிருந்தாள்.

"இது தெல்மாவோடது" என்றாள்.

"ஆமா அவ்ரில். நேத்துத்தான் வந்துச்சு. நான் உன்கிட்ட…"

"செத்துட்டாளா?"

தலையசைத்தேன்.

அவள் அழவில்லை. கவுனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். இடுப்புத் தையலை விரலால் விலக்கிக் காட்டினாள்.

"இந்தத் தையல் வாங்கினப்போ போட்டது. நான் பாத்திருக்கேன். இது புதுசு, அரை இன்ச் புடிச்சிருக்கா. அப்புறம் இன்னொரு அரை, இது வேற நூல். இங்க பாரு, இது ஒரு இன்ச்சுக்கு மேல." கடைசித் தையல் கோணலாக ஏறி இறங்கியிருந்தது. ஒரே இடத்தில் மூன்று தரம் குத்தியிருந்தது. "அவ கை இப்படிப் போகாது."

கவுனை மறுபடி வெளிப்பக்கம் திருப்பினாள்.

"முட்டி வலின்னா என்கிட்ட. முட்டி வலிக்கு யாராவது இடுப்பப் புடிச்சுத் தைப்பாங்களா?"

மத்தியானம் தெல்மாவின் மகன் ரஸ்ஸல் மிச்சமிருந்த தொப்பிகளைக் கொண்டுவந்தான். அவ்ரில் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கவுன் அவள் மடியில் இருப்பதைப் பார்த்தவுடன் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்க அவ்ரில் தானே?"

"எப்ப நடந்துச்சு?"

"மூணு வாரமாச்சு. சாம்பலக் கடல்ல கரைச்சிட்டோம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. ஆளே கரைஞ்சு போயிட்டாங்க. அந்தக் கோலத்துல யாரும் பாக்கக் கூடாதுன்னு."

"யாரும்னா, நானுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "உங்களத்தான் முக்கியமா சொன்னாங்க. அவ கண்ணு எதையும் விடாது, வாசல்ல நின்னாலே கண்டுபுடிச்சிடுவான்னு."

அவ்ரில் கவுனை மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்பவும் அதத்தான் போட்டுக்கிட்டாங்க. தொளதொளன்னு இருக்கும்மா, வேற போடுன்னேன். ராத்திரியே புடிச்சுத் தச்சிருக்காங்க" என்றான் ரஸ்ஸல்.

அவன் போனபிறகு, காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று டங்கன் சொல்லிப் பார்த்தான். அவ்ரில் கேட்கவில்லை. சீட்டில் இருந்த விலையைக் கொடுத்து வாங்கினாள். மற்ற உடைகளில் ஒன்றையும் தனக்கென்று எடுக்கவில்லை. என்னோடு பின்னறைக்கு வந்து, கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு, தெல்மாவின் உடைகள் ஒவ்வொன்றுக்கும் அவளே நீராவி காட்டினாள். காலர், கைமடிப்பு, பொத்தான் இடுக்கு என்று எதையும் விடவில்லை. ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் என்னிடம் நீட்டினாள். நான் ஏதோ தெரிந்தவரைக்கும் தைத்துக் கொடுத்தேன்.

மூன்று மணிவாக்கில் கல்லூரிப் பெண்ணொருத்தி தெல்மாவின் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று யோசித்துக்கொண்டே இருந்தாள். அவ்ரில் போய் அவளுக்குப் பொத்தான் மாட்டிவிட்டு, பின்பக்கம் இழுத்துச் சரிசெய்தாள்.

"தோள் உனக்குன்னே வெட்டினாப்ல இருக்கும்மா. எடுத்துக்கோ. உள்ள ரகசியப் பை ஒண்ணு இருக்கு, பஸ் காச அதுல வெச்சுக்கலாம்."

அந்தப் பெண் கோட்டோடேயே வெளியே நடந்தாள். தெருமுனை திரும்பும் வரைக்கும் அவ்ரில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னறைக்கு வந்து பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். நான் கதவைச் சாத்திவிட்டு டீ போடப் போனேன்.

இப்போதும் அவ்ரில் வருகிறாள். வியாழக்கிழமை இல்லை, செவ்வாய். இந்தக் கோடையில் நடந்த உடை விழாவுக்குப் போகவில்லை. வாங்குவதும் குறைந்துவிட்டது. போன மாதம் நாவல்பழ நிறத்தில் ஒரு வெல்வெட் ஜாக்கெட் வந்திருந்தது. பழைய லண்டன் தையல், கை லைனிங் மட்டும் கிழிந்திருந்தது. அவளுக்கென்றே எடுத்து வைத்திருந்தேன். புரட்டிப் பார்த்தாள். கிழிசலுக்குள் விரலை விட்டுக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"நல்ல சாமான்" என்றாள். "வெளிய மாட்டிடு."

மாட்டினேன். சாயங்காலத்துக்குள் யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.