என் ஒப்புதலுக்குக் காத்திருந்த பரிந்துரை

நான் வேலை பார்த்த கொழும்புக் கம்பெனி, அலவத்துகொட வீட்டின் மேல்மாடியிலிருந்தே வேலை செய்ய என்னைப் பல வருடங்கள் விட்டுவைத்தது. பிறகு அதே மேல்மாடியில் வைத்தே, இனி வேலை இல்லையென்று என்னை வீட்டுக்கும் அனுப்பியது. திரையில் நடந்த அந்தச் சந்திப்பு முடிந்ததும் நான் செய்த பயணம் கதிரையிலிருந்து கட்டில் வரைக்கும்தான்.

மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கத்தாருக்குப் போயிருந்தாள். அவளுக்குப் போனில் சொன்னேன். ஊருக்குச் சொல்லவில்லை.

மென்பொருள்காரர்கள் வேலை தேடும் இணையத்தளமொன்றில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு. வேலை போனால் அதில் பழைய வேலைக்கு முடிவுத் திகதி போட வேண்டும். படத்தைச் சுற்றி, வேலைக்குத் தயார் என்று பச்சை வளையம் மாட்ட வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. ஊரில் பாதிப் பேர் அந்தத் தளத்தில் இருக்கிறார்கள். மற்றப் பாதிக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள். எனவே களவாகத்தான் விண்ணப்பித்தேன். ஒவ்வொரு படிவத்திலும் என் பிறந்த வருடம் வருவதற்குள் விரல் நோகும் அளவுக்கு உருட்ட வேண்டியிருந்தது. பதில்தான் வரவில்லை.

தளமோ நான் இன்னும் வேலையில் இருப்பதாக நம்பியது. வேலையில் சேர்ந்த நாள் திரும்பி வந்ததும் என் நீண்ட சேவையை எல்லோருக்கும் அறிவித்தது. வாழ்த்தியவர்களில் இருவர் என்னோடு ஒரே நாளில் அனுப்பப்பட்டவர்கள். அவர்களும் தங்கள் பக்கங்களில் இன்னும் வேலையில்தான் இருந்தார்கள். மூவரும் நன்றி சொல்லிக்கொண்டோம். அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த மிக நீண்ட உரையாடல் அதுதான்.

அக்குறணையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் மச்சான்தான் கண்டுபிடித்தார். கிழமை நாளில், பகல் பதினொரு மணிக்கு, நான் பல்பு வாங்கப் போனதே போதுமாக இருந்தது. மிச்சக் காசைக் கையில் வைத்தபடி, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வேல போயிட்டா?"

பல்பைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

"அதுக்கு என்னத்துக்கு ஒளிக்கிற? கடையில சாமான் ஈக்கி எண்டு தெரிஞ்சாத்தானே மனிசர் கேட்டு வருவாங்க."

மச்சானுக்குக் கடையைத் தவிர இன்னொரு வேலையும் உண்டு. கல்யாணம் பேசிக் கொடுப்பார். அன்று பின்னேரமே அந்தத் தளத்தில் தனக்கும் ஒரு பக்கம் திறந்து, எனக்கொரு பரிந்துரை எழுதிவிட்டார். ஆங்கிலம்தான். ஆனால் அவர் கை பழகிய முறையில் வந்திருந்தது:

'இவர் என் மாமி மகன். நல்ல குடும்பம். சிகரெட், வெற்றிலை இல்லை. ஐந்து வக்தும் நேரத்துக்குத் தொழுவார். சொந்த வீடு. கோபம் வரும், நிற்காது. தற்சமயம் தனியே சமைத்துத் தனியே சாப்பிடுகிறார். ஆகவே தாமதிக்காமல் நல்ல முடிவு தரவும்.'

நான் எழுதிய கணினி நிரல்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அத்தனை வருடம் கூட வேலை செய்தவர்கள் யாரும் எனக்குப் பரிந்துரை எழுதியதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நான் ஒப்புக்கொண்டால்தான் இது என் பக்கத்தில் தெரியும் என்றது தளம். ஒப்புக்கொள்ளவில்லை. மச்சான் இரண்டு தடவை கேட்டார், பரிந்துரை இன்னும் பக்கத்தில் விளங்கவில்லையே என்று. இன்டர்நெட் மந்தம் என்றேன்.

கிழமைகள் போயின. ஒரு மத்தியானம், கணினிக்குப் பக்கத்தில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பரிந்துரையை மறுபடி வாசித்தேன். அதில் பொய்யென்று ஒன்றும் இல்லை. என் சுயவிபரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கையைக் கழுவிவிட்டு வந்து முடிவுத் திகதியைப் போட்டேன். பச்சை வளையத்தை மாட்டினேன். பரிந்துரைக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டு, ஊர் என்ன சொல்லப்போகிறதோ என்று காத்திருந்தேன்.

ஊர் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பக்கத்தை ஒருவர் பார்த்தார் என்று பின்னேரம் அறிவித்தல் வந்தது. திறந்து பார்த்தேன். ஹாட்வெயார் கடை உரிமையாளர், அக்குறணை.

சற்று நேரத்தில் மச்சான் வழக்கம்போல போன் எடுத்தார்.

"இப்ப விளங்குது மச்சான். பகலைக்கு என்ன ஆக்கின?"

"பருப்பு."

"நேத்தும் பருப்புத்தானே," என்றார்.