டெல்லிக் காற்றில் ஒரு கலாத்தியா

செடி வாடினால் பராமரிக்கிறவளைத் திட்டுவார்கள், தழைத்தால் ஜன்னல் வெளிச்சத்தைப் புகழ்வார்கள். ஆபீஸ்களுக்குச் செடி வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழில் இப்படிப்பட்டது.

மே மாதத்தில் துவைத்துப் போட்ட துண்டு பத்து நிமிஷத்தில் அப்பளமாகிற இந்த ஊரில், ஆசையாகச் செடி வாங்கி வந்து, ஒரே மாதத்தில் வெறும் தொட்டியோடு நின்றவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் கிளம்பி, ஏழெட்டு ஆபீஸ்களின் செடிகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எதையும் தாங்கும் மணி பிளான்ட்டை வைத்துக் காலம் தள்ளினார்கள். நான் வறண்ட காற்றே ஆகாத கலாத்தியா வைத்தேன். கொஞ்சம் திமிர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இலையில் ஒரு ஓட்டை

கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு கம்பெனி. மூன்று மாடியிலும் என் செடிகள். பம்பாயில் இருந்த டைரக்டர், செடிக்கெல்லாம் ஆள் எதற்கு, பிளாஸ்டிக் வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நிர்வாக அதிகாரி மல்ஹோத்ரா அதை என்னிடம் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷம் கொடுங்கள், ரிசப்ஷனில் ஒரு கலாத்தியா வைக்கிறேன், டெல்லியின் எல்லாப் பருவத்தையும் தாண்டி அது நிற்கும், நிற்காவிட்டால் மூன்று மாடிக்கும் பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

கலாத்தியா மழைக்காட்டுச் செடி. பச்சை இலையில் யாரோ பிரஷ்ஷால் கோடு இழுத்த மாதிரி இருக்கும். காற்றில் ஈரம் குறைந்தால் இலையோரம் கருகிவிடும். மல்ஹோத்ரா அதைச் சுற்றி வந்து பார்த்தார். எங்கள் தொழிலில் செத்த செடியை ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டு அதே மாதிரி புதிதை வைக்கும் வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. மேஜையிலிருந்து பேப்பர் பஞ்ச்சை எடுத்து, ஒரு இலையின் நடுவில் டக்கென்று ஓட்டை போட்டார். என் காதில் போட்ட மாதிரி வலித்தது. அவர் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க மேடம்ஜி. அடுத்த ஏப்ரல்ல இதே இலையை நான் பார்க்கணும்."

நீலத்தின் உதடு

மே மாதம் ஏ.சி.யை முழுசாகத் திறந்துவிட்டார்கள். பத்தே நாளில் மூன்று இலைகளின் ஓரம் பழுப்பாகிவிட்டது. ரிசப்ஷனில் உட்காரும் நீலம் நல்ல பெண், பாட்டிலால் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். தெளித்தது டீ குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். சாந்தினி சௌக்கில் தேடிப்பிடித்து, காற்றின் ஈரத்தைக் காட்டும் வட்டமான மீட்டர் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். முள் அடிமட்டத்தில் படுத்திருந்தது.

செடியை ஏ.சி. காற்று படாத மூலைக்கு நகர்த்தினேன். அகலமான தட்டுகளில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, தொட்டியின் அடி நனையாமல் கல்லின்மேல் உட்காரவைத்தேன். சுற்றிலும் ஆறு செடிகளை நெருக்கி நிறுத்தினேன். செடிகள் கூட்டமாக இருந்தால் ஒன்று விடுகிற ஈரம் இன்னொன்றுக்கு உதவும். இரண்டு வாரத்தில் முள் எழுந்து நடுவுக்கு வந்தது, புதுசாக ஒரு இலையும் சுருள் பிரிந்தது. இதைச் சொல்லிப் பெருமைப்படலாம் என்று நீலத்திடம் போனால், அவள் சொன்னாள்: "செடி விஷயம் எனக்குத் தெரியாது ஆன்ட்டி. என் உதடு வெடிக்கிறது நின்னுபோச்சு. அந்தத் தட்டை மட்டும் யாராவது எடுத்தா நான் வேலையை விட்டுடுவேன்."

கை கூப்பிய செடி

மழைக்காலம் முழுக்க நான் ராணி. ஊரே புழுங்கித் தவித்தபோது என் செடி மட்டும் சொந்த ஊருக்குப் போன மாதிரி இருந்தது. நவம்பர் கடைசியில்தான் விபரீதம். தொட்டி மண் சேறாக இருந்தது, தண்டு தொட்டால் கொழகொழவென்றது. நான் வாரம் ஒருமுறைதான் தண்ணீர் ஊற்றுகிறேன். யார் ஊற்றுவது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன்.

செக்யூரிட்டி ராம் அவதார்தான். பொழுது சாய்ந்தால் கலாத்தியா தன் இலைகளை மேலே தூக்கிச் சேர்த்துக்கொள்ளும், அது அதன் பழக்கம். அவருக்கு அது தெரியாது. ஆறு மணிக்கு டியூட்டிக்கு வந்ததும் தினமும் ஒரு ஜக் ஊற்றியிருக்கிறார். நம்மில் பாதிப்பேர் செய்கிற தப்புதான் இது. அதற்கு வேண்டியது காற்றில் ஈரம், நாம் கொடுப்பது காலடியில் குளம். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "சாயங்காலமானா ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு நிக்குது மேம்சாப். கை கூப்பி நிக்கிறவங்களுக்குத் தண்ணிகூடக் கொடுக்காம நான் எப்படி உட்காருவேன்?"

மெடிக்கல் லீவு

மல்ஹோத்ராவிடம் பதினைந்து நாள் அவகாசம் வாங்கி, செடியை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அழுகிய வேரை வெட்டி, புது மண் போட்டேன். மே மாதம் ஓரம் கருகிய மூன்றும் சேர்த்து நான்கு இலைகள் போயின. ஓட்டை போட்ட இலைக்குக் கத்தரி போகாமல் பார்த்துக்கொண்டேன். இனி மண் காய வேண்டும், காற்று காயக் கூடாது. டிசம்பர் டெல்லியில் அப்படிப்பட்ட இடம் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாத்ரூம்.

வெளிச்சம் வரும் ஜன்னலுக்குக் கீழே வாளியைக் கவிழ்த்து அதன்மேல் தொட்டியை வைத்தேன். காலையில் என் கணவர் கீஸரைப் போட்டு வெந்நீரில் குளித்துவிட்டு வந்ததும், ஆவி வெளியே போகாமல் கதவைச் சாத்திவிடுவேன். சோப்பு நுரை படக் கூடாது, தலையை அந்தப் பக்கம் துவட்டக் கூடாது என்று அவருக்குச் சட்டங்கள். பன்னிரண்டாம் நாள் தண்டு விறைப்பாகி, அடியில் ஒரு முளை தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசரான அவர் துண்டோடு நின்று சொன்னார்: "ஆபீஸ்ல எனக்கு ரெண்டு நாள் லீவுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேக்கறான். இதுக்குப் பதினஞ்சு நாள் லீவு, வெந்நீர் ஆவி, பார்த்துக்க ஆள். அடுத்த ஜென்மத்துல நான் தொட்டியிலேயே பொறந்துக்கறேன்."

டைரக்டர் வந்த நாள்

செடி ரிசப்ஷனுக்குத் திரும்பிய பிறகு, ஜனவரியில் அங்கே ப்ளோயர் வைத்தார்கள். அந்த வெப்பக் காற்று ஏ.சி.யைவிட மோசம். ஆனால் நான் போய்ப் பார்த்தபோது ப்ளோயர் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டீல் பாத்திரத்தில் தண்ணீர். டெல்லிக்காரர்கள் வீட்டில் ஹீட்டர் போட்டால் தொண்டை வறளாமலிருக்க அப்படி வைப்பார்கள். யார் வைத்தது என்று நீலத்தைக் கேட்டேன். அவள் மல்ஹோத்ராவின் அறையைக் கண்ணால் காட்டினாள்.

ஏப்ரலில், கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பம்பாய் டைரக்டர் சொல்லாமல் வந்து நின்றார். நான் தட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பதினொரு இலை, ஒன்றிலும் கருகல் இல்லை, ஓட்டை போட்ட இலையும் அவற்றில் இருந்தது. அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடியே செடியைப் பார்த்து, "அச்சா, மல்ஹோத்ரா, பிளாஸ்டிக் வெச்சுட்டீங்களா? அசல் மாதிரியே இருக்கு" என்றார். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் மல்ஹோத்ராவுக்கு உத்தரவை நிறைவேற்றிய நல்ல பெயர், எனக்கு மூட்டை முடிச்சு. மல்ஹோத்ரா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "இது உயிரோட இருக்கு சார். இந்த மேடம் ஒரு வருஷமா டெல்லிக் காத்தோட சண்டை போட்டுக் காப்பாத்தி வெச்சிருக்காங்க. முதல்ல நீங்க அந்தக் கதவைச் சாத்துங்க, ஈரமெல்லாம் வெளியே போகுது."

மூன்று மாடியும் என் கையிலேயே நின்றன, ஆனால் அன்றைக்கு ஆரம்பித்து, கலாத்தியாவை எப்படி வளர்க்க வேண்டும் என்று மல்ஹோத்ரா எனக்கு எடுத்த பாடத்தை வாரா வாரம் நின்று கேட்டதுதான் அந்த வெற்றிக்கு நான் அனுபவித்த தண்டனை.